ஒளிப்படத்திற் படச்சுருளின் சாயல்

புதிதாகத் தோன்றும் ஒரு கலை தனக்கு முற்பட்ட கலையின் ஆடையை உடுத்தே அவைக்கு வருதல் உலகியல்பு. ஒளிப்படக்கலையும் அவ்வாறே வந்தது. 1858 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஹென்றி பீச் றொபின்சன் என்பார், ஐந்து எதிர்ப்படங்களை ஒன்றுசேர்த்து, மரணத்தறுவாயிற் கிடக்கும் இளம்பெண்ணொருத்தியின் காட்சியை ஒரே படமாக ஆக்கிக் காட்டினார். அது கமரா கண்ட ஒரு கணத்தின் பதிவன்று. ஓவியன் தன் திரைச்சீலையில் உருவங்களை நிறுத்துமாறு போல நிறுத்தப்பட்டது. அவர்க்குப் பின் வந்தோருட் பலர், கூர்மை குன்றிய வில்லையையும் பிசின் கலந்த பூச்சையும் தூரிகையையும் துணைக்கொண்டு, தம் படம் கரியால் வரைந்த ஓவியம்போலத் தோன்றுதலையே பெருமையெனக் கொண்டனர். இப்போக்கினை மறுத்தே 1932 இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் அன்செல் அடம்ஸ், எட்வேட் வெஸ்ரன் முதலியோர் ‘எப் 64’ என்னுங் குழுவினராய் ஒன்றுகூடினர். ஒளிப்படம் ஒளிப்படமாகவே தோன்றல் வேண்டும் என்பது அவர்தம் கோட்பாடு.

அக்கோட்பாடு வென்றுவிட்டதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயின் இன்று திறன்பேசியால் எடுக்கப்படும் படம் மீண்டும் கடன்பட்ட ஆடையிலேயே உலாவுகின்றது. வேறுபாடு யாதெனின், இம்முறை கடன் கொடுத்தது ஓவியமன்று. ஒளிப்படத்தின் சொந்தப் பாட்டனாகிய பிலிம் எனும் படச்சுருளே. விஸ்கோ, ஸ்னாப்சீட் போன்ற செயலிகளுள் ஒன்றைத் திறந்து, எடுத்து முடிந்த படத்தின்மீது விரலை ஒருமுறை வைத்தால், அது 1950களின் கறுப்பு வெள்ளைச் செய்திப்படமாகவோ 1970களின் குடும்பப் படமாகவோ மாறிவிடுகின்றது. இதனை விளையாட்டென்று ஒதுக்குவாரும் உளர். பொய்யென்று பழிப்பாரும் உளர். இரு சாராரும் அவசரப்பட்டோரே. கடனாகப் பெறப்படுவது எது, கேளாமலே அதனோடு கூட வந்து சேர்வது எது என்று ஆராய்ந்த பின்னரன்றி இதற்குத் தீர்ப்புக் கூறல் இயலாது.

காலக்கணக்கே முதலிற் கருதற்பாலது. கொடக் நிறுவனத்தின் கொடக்குரோம் என்னும் வண்ணச்சுருள் 1935 இல் விற்பனைக்கு வந்தது. அதனைக் கண்டுபிடித்தோர் லியோபோல்ட் மானெஸ், லியோபோல்ட் கொடவ்ஸ்கி என்னும் இருவர். முன்னவர் பியானோக் கலைஞர், பின்னவர் வயலின் கலைஞர். 74 ஆண்டு வாழ்ந்து 2009 இல் அதன் உற்பத்தி நின்றது. அதனைக் கழுவும் முறை மிகச் சிக்கலானது. அம்முறையை இறுதிவரை கைவிடாதிருந்த நிலையம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னுஞ் சிற்றூரில் இருந்தது. அங்கும் 2010 டிசெம்பர் 30 ஆம் நாளோடு சுருள்கள் ஏற்கப்படுதல் முடிந்தது. இன்ஸ்டகிராம் என்னுஞ் செயலி வெளிவந்தது அவ்வாண்டு ஒக்ரோபரில். ஒன்றன் ஈமக்கடனும் மற்றொன்றன் தொட்டிற் சடங்கும் மூன்று மாதத்துள் அடங்கிவிட்டன! இன்ஸ்டகிராமின் சதுரச் சட்டமும், பொலறொயிட் கமராவை நினைவூட்டிய அதன் முதற் சின்னமும், பில்டர் என்ற பெயரில் அது வழங்கிய சாயல்களும் படச்சுருட் காலத்துச் சொத்துக்களே. அவற்றுள் ‘எக்ஸ்-புரோ’ என்பது, ஒருவகைச் சுருளை அதற்கு உரியதல்லாத இரசாயனத்திற் கழுவி நிறங்களைக் கோணச்செய்யும் பழைய இருட்டறைக் குறும்பின் பெயர்.

அந்நாளைத் திறன்பேசிகளின் கமரா வலிமை குன்றியது. மங்கலும் புள்ளிகளும் மலிந்த படத்தைப் பழமைச் சாயலொன்றால் மூடிவிட்டால், குறை குணம்போலத் தோன்றும். ஓட்டைச் சுவரில் நாட்காட்டி மாட்டுவது போன்ற உபாயம் அது. இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. இன்றைய திறன்பேசி, விசை அழுத்தப்படும் கணத்தில் ஒன்றன்றிப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கின்றது, நிழலைத் துலக்குகின்றது, வானத்தின் வெளிச்சத்தைத் தணிக்கின்றது, ஒவ்வோர் இலையின் விளிம்பையும் கூர்மையாக்குகின்றது. ஈற்றிற் கிடைப்பது எங்கும் நிழலற்ற, எதுவும் ஒளிந்திராத ஒரு படம். அத்தெளிவினாற் சலிப்புற்றே பலர் பழஞ்சுருளின் சாயலை நாடுகின்றனர். ஆகவே, பில்டர் இடப்படாத படம் மெய், இடப்பட்டது பொய் என்ற வாதம் நில்லாது. திருத்தப்படாத திறன்பேசிப் படம் என்று ஒன்று இல்லை. திருத்தியவர் யார் என்பதே வினா. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திறன்பேசியின் ஒளியுணரிமேற் படிந்திருக்கும் சிவப்பு, பச்சை, நீல நுண்கட்டங்களின் அமைப்பு, கொடக் நிறுவனத்திற் பணிபுரிந்த பிறைஸ் பேயர் என்பார்க்கு 1976 இல் காப்புரிமை பெற்றுத் தந்தது. படச்சுருளை வீழ்த்திய கருவியின் கண்ணும் படச்சுருட் கம்பனியிலேயே பிறந்தது!

இனி, சாயல் என்பது எதனால் ஆயது என்பதை நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தில் இரசாயனத் தொழிற்சாலை சார்ந்து வாழ்ந்த ஹேட்டர், டிறிவீல்ட் என்னும் இருவர், ஒளியின் அளவுக்கும் பூச்சில் உண்டாகுங் கருமைக்கும் உள்ள தொடர்பை அளந்து 1890 இல் வெளியிட்டனர். அத்தொடர்பு நேர்கோடன்று, அடியில் மெல்ல எழுந்து, நடுவில் நிமிர்ந்து, உச்சியில் மீண்டும் சாய்ந்துவிடும் ஒரு வளையி. உச்சியில் உள்ள அச்சாய்வினாலேயே, சுருளில் எடுத்த படத்திலே வெண்ணிறப் பொருள் திடீரென வெறுமையாகிவிடாது, படிப்படியாக வெளிறிச் செல்கின்றது. வெயிலில் நிற்பவரின் வேட்டி மடிப்பும் முகிலின் ஓரமும் அதிற் பிழைத்துக்கொள்ளும். திறன்பேசியின் உணரியோ ஒளியை நீர் நிறைக்குங் குடம்போலத் தாங்குகின்றது; நிறையும்வரை ஒழுங்காக ஏறும், நிறைந்தபின் வழிந்துவிடும். வழிந்த இடத்தில் வெண்மை தவிர ஒன்றும் எஞ்சாது. எனவே, நல்ல சாயலொன்றன் முதற் பணி அவ்வளையியை ஈடுசெய்தலாம். இது போலிமையன்று, கண்ணுக்கு இனிய ஓர் ஒளி ஒழுங்கை மீட்டுத் தருதல். ஆயின் இதற்கும் ஓர் எல்லை உண்டு. உணரி ஏற்கெனவே இழந்த மடிப்பை எந்தச் சாயலும் மீட்காது; வெறும் வெண்மையைச் சாம்பல் நிறமாக்கி, மென்மை எனப் பெயர் சூட்டும். இன்று பகிரப்படும் படங்களுட் பலவற்றில் ‘படச்சுருள் மென்மை’ எனப்படுவது இச்சாம்பலே.

நிறங்களின் கதை வேறு. செயலியில் ஒரு சாயல் என்பது பெரும்பாலும் ஓர் அட்டவணை. இந்நிறம் வந்தால் அந்நிறமாக மாற்றுக என்ற கட்டளைகளின் தொகுதி அது. சாதாரணப் படமொன்றில் வரக்கூடிய நிறங்கள் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேலானவை. அவை அனைத்துக்கும் விடை எழுதி வைத்தல் வீண்சுமை. ஆதலின் 33 × 33 × 33, அஃதாவது 35,937 நிறங்களுக்கு மட்டும் விடை வகுத்து, இடைப்பட்டவற்றைக் கணித்துக்கொள்ளும் முறை பெருவழக்கு. அட்டவணைக்குப் பொருள் தெரியாது. வானத்தின் நீலமும் சேலையின் நீலமும் அதற்கு ஒன்றே. படச்சுருளும் அவ்வாறு குருடாயிருந்ததே எனலாம். உண்மை, ஆயினும் சுருளைத் தெரிந்தவர் குருடரல்லர். 1990 இல் வெளிவந்த பியூஜி நிறுவனத்தின் வெல்வியா மலையையும் சோலையையும் நிறஞ்செறியக் காட்டியது. மனித முகத்தை அளவுமீறிச் சிவக்கச் செய்தது. அதனை அறிந்தவர் முகம் எடுக்க வெல்வியாவைக் கமராவில் இடார். 1998 இல் வந்த கொடக்கின் போர்ட்றா, பெயருக்கேற்ப முகத்துக்கென்றே அமைந்தது. சுருளைத் தெரிதல் என்பது, காணப்போவது யாது என முன்கூட்டி எண்ணுதல். செயலியில் எண்ணம் பின்னே வருகின்றது; சில வேளைகளில் வருவதேயில்லை, விரல் மட்டும் வருகின்றது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். இருட்டறை வேலையும் படம் எடுத்த பின்னர் நிகழ்வதன்றோ? ஆம். பின்னர் நிகழ்தல் குற்றமன்று. பியானோப் பயிற்சி பெற்றவரான அடம்ஸ், எதிர்ப்படத்தை இசைக்குறிப்புக்கும் பிரதியை இசை நிகழ்ச்சிக்கும் ஒப்பிட்டார். இலங்கை வாசகர்க்கு லயனல் வென்ட் அவர்களின் பெயர் ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பு. 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த அவரும் பியானோக் கலைஞரே. படத்தாள் இரசாயனத்திற் கிடந்து உருப்பெறும்போது இடையே வெளிச்சத்தைப் புகவிட்டு, உருவத்தின் விளிம்பில் ஒரு கோடு தோன்றச்செய்யும் முறையை அவர் விரும்பிக் கையாண்டார். அம்முறையில் ஒருமுறை வந்தது மறுமுறை வாராது. வந்தவற்றுள் எதனை வைத்துக்கொள்வது, எதனை எறிவது என்ற தெரிவிலேயே அவர் கலை இருந்தது. செயலியிலும் அவ்விளைவுக்கென ஒரு பொத்தான் உண்டு. ஆயிரம் முறை அழுத்தினும் ஒன்றே வரும். அடம்ஸின் உவமையை நீட்டின், இது வாசிப்பன்று. இன்னொருவர் வாசித்த இசைத்தட்டு.

அவ்விசைத்தட்டு யாருடைய வாசிப்பைப் பதிந்தது என்று கேட்பின், விடை மேலுஞ் சிக்கலாகும். போர்ட்றா போன்ற எதிர்ப்படச் சுருளுக்கு உறுதியான நிறம் என ஒன்று இல்லை. அதனைக் கணினிப் படமாக மாற்றும் பொறி பியூஜியின் புரொன்ரியரா, நொறிட்சுவா என்பதைப் பொறுத்தும், பொறியை இயக்குபவரின் கண்ணைப் பொறுத்தும், எடுத்தவர் எவ்வளவு ஒளியை மிகைப்படுத்தினார் என்பதைப் பொறுத்தும் அது வேறுபடும். செயலியிற் ‘போர்ட்றா’ என்று அமர்ந்திருப்பது, யாரோ ஒருவர் ஏதோ ஒரு பொறியிற் பெற்ற ஒரு விளைவு. இதனினும் விந்தையானது மங்கலைப் போற்றுதல். கருநிறம் கருமையாக இராது சாம்பல் பூத்திருப்பதும், படம் முழுவதும் செம்மை ஏறியிருப்பதும் பழமைச் சாயலின் அடையாளங்களாயின. இன்ஸ்டகிராமில் ‘1977’ என்ற ஆண்டின் பெயராலேயே ஒரு பில்டர் இருந்தது. ஆனால் 1977 இல் ஸ்ரூடியோவிலிருந்து புதிதாக வந்த வண்ணப்படம் செம்மை ஏறியதன்று. அக்காலத்து வண்ணத்தாள்களின் நீலச்சாயம் நிலையற்றது; அல்பத்தின் இருளில் இருந்தபோதும் ஆண்டு செல்லச் செல்ல அது கரைந்தது; எஞ்சியது செம்மை. அது அவ்வாண்டின் நிறமன்று, அதன்பின் சென்ற முப்பது ஆண்டுகளின் அரிப்பு. பெட்டியிற் கிடந்து பழுத்த சேலையைக் கண்டு, பாட்டியார் பழுத்த சேலையிலேயே மணவறை ஏறினார் என்று கொள்வார் உண்டோ?

மணித்தன்மையைப் பற்றிச் சிறிதே கூறினாற் போதும். சுருளிலே படத்தை உருவாக்குவன வெள்ளி உப்பின் பளிங்குகள். அவை படத்தின்மேல் தூவப்பட்டவையல்ல, அவையே படம். 1954 இல் 35 மில்லிமீற்றர் அளவில் வந்த ட்ரை எக்ஸ் சுருளிற் செய்திப்படம் எடுத்தவர், மங்கிய ஒளியிலும் எடுக்கவேண்டியிருந்ததால் அப்பருமணியை விலையாகக் கொடுத்தனர். நண்பகல் வெயிலில் எடுத்த படத்தின்மேல் ஒரே சீராகப் புள்ளிகளைத் தூவுதல், கொடுக்காத விலைக்குப் பற்றுச்சீட்டு வாங்குதலாம். பியூஜி நிறுவனம் 2016 இல் தன் கமராவொன்றில், படத்தின் ஒளிக்கும் நிழலுக்கும் ஏற்ப மணி வேறுபடுமாறு அக்றொஸ் சாயலை அமைத்தது. அது ஓரளவு நேர்மையான முயற்சி.

சாயலை மட்டுமன்றிச் சுருளின் தடைகளையுங் கடன் வாங்கிய செயலி ஒன்று உண்டு. 2017 இல் தென்கொரியாவில் வெளியான குடக், ஒரு சுருளுக்கு 24 படமே தரும். அவற்றைக் காண மூன்று நாட் காத்திருத்தல் வேண்டும். அதன் சிறு கண்ணாடியிற் காட்சி அரைகுறையாகவே தெரியும். பலர் இதனை நகைத்தனர். வேறு பலர் தம் திறன்பேசியின் நாட்காட்டியை மூன்று நாள் முன்தள்ளிப் படங்களை உடனே பறித்தெடுத்தனர். ஆயினும் இவ்வகைச் செயலிகளுள் மூலத்தை விளங்கிக்கொண்டது இதுவே எனலாம். 24 படமே உள்ளவன் விசையை அழுத்துமுன் ஒருகணம் தயங்குவான். அத்தயக்கத்தை எந்த அட்டவணையும் தராது.

இதுகாறும் கூறியவை சுவை பற்றியன. சான்று என்ற நிலையிற் படம் நிற்கும்போது வழக்குக் கடுமையாகின்றது. 2010 நவெம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரரின் அன்றாட வாழ்வைக் காட்டும் படங்களை வெளியிட்டது. எடுத்தவர் டேமன் வின்ரர், கருவி ஐபோன், செயலி, அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த ஹிப்ஸ்ரமற்றிக். அடுத்த ஆண்டு ஒரு சர்வதேசச் செய்திப்படப் போட்டியில் அவை மூன்றாம் பரிசு பெற்றபோது பெருஞ் சர்ச்சை எழுந்தது. வீரர்கள் தாமே திறன்பேசியால் ஒருவரையொருவர் படமெடுப்பவராதலால், சிறு கருவியின் முன் அவர்கள் இயல்பாக இருந்தனர் என்பதும், கோணமும் வில்லையும் தெரிதலும் அழகுணர்வின் பாற்பட்டனவே என்பதும் வின்ரரின் விடைகளுள் அடங்கும். அவை ஏற்கத்தக்கன. மேலும், அச்செயலியில் சாயல் படம் எடுக்கப்படும்போதே படிந்துவிடும்; பின்னர் ஒட்டப்பட்டதன்று. ஆனால் எவரும் உரியவாறு விடையிறுக்காத வினா ஒன்று எஞ்சியது. நடந்துகொண்டிருந்த போரொன்று, முடிந்துபோன பழம்போரின் முகத்தோடு காலைப் பத்திரிகையில் வந்தது. ஓரம் கருகி, நிறம் மங்கிய படம் வாசகனை நோக்கி, ‘இது கடந்தது, இரங்கலாம், வேறு செய்வதற்கில்லை’ என்று கூறுகின்றது. அவ்வீரரோ அன்று மாலையும் காவலுக்குச் சென்றனர்.

2018 அளவிற் பெரிதும் பேசப்பட்ட ஹூஜி என்னுஞ் செயலி இன்னும் ஒருபடி சென்று, இன்று எடுத்த படத்தின் மூலையில் 98 என்று ஆண்டையே பொறித்துத் தருகின்றது. மலிவான பிளாஸ்ரிக் கமராவில் ஒளி கசிந்ததால் உண்டான செந்தழல்களையும் அது தானே வரைந்துகொள்ளும். 1998 இல் எடுத்த படம் ஏராளமாக உள்ள வீட்டில் இது சிரிப்புக்குரியது. ஆனால் போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு அல்பங்களை விட்டுவந்த குடும்பங்கள் இந்நாட்டிற் பல. மூலையில் உள்ள ஆண்டைக் கொண்டே இன்னார் அப்போது உயிரோடிருந்தார், இவ்வீடு அப்போது கூரையோடு நின்றது என்று கூறவேண்டியவர்கள் அவர்கள். அவர்கட்கு அவ்விலக்கங்கள் அலங்காரமல்ல. வருங்காலத்தில் ஒருவர் இப்படங்களைப் பிரித்தறிய முற்படும்போது, முகமோ உடையோ அன்றி வேறு துணை இராது.

கேளாமலே கூட வருவனவற்றுள் முதன்மையானது தோல் நிறம். 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுக் கொடக் நிறுவனம், படம் கழுவும் நிலையங்களுக்கு நிறச் சமநிலை சரிபார்க்கும் பொருட்டு ஒரு பெண்ணின் படத்தை அனுப்பிவந்தது. முதலில் அதற்கு நின்றவர் பெயரால் அது சேர்லி அட்டை எனப்பட்டது. சேர்லியின் தோல் வெண்ணிறம். அத்தோல் நன்றாக அமைந்தால் எல்லாம் அமைந்ததென்பது விதி. கனடாவில் லோணா றொத் என்னும் ஆய்வாளர் 2009 இல் இவ்வட்டைகளைப் பற்றி விரிவாக எழுதினார். கருநிறத்தோர் முகங்கள் விவரமிழந்து கறுத்துப்போயின என்ற குறைக்குப் பல்லாண்டு செவிசாய்க்கப்படவில்லை. மரத் தளபாடங்களின் நிறவேறுபாடும், பால்கலந்த சொக்கிலேற்றுக்கும் கலவாததற்கும் உள்ள வேறுபாடும் விளம்பரப் படங்களிற் புலப்படவில்லை என்று வணிகர் முறையிட்டபோதே கபிலநிறங்கள் கவனம் பெற்றன என்பது அவர் ஆய்வின் கசப்பான செய்தி. முகத்தாற் பெறாத நீதியை மேசை பெற்றுத் தந்தது! பின்னாளைச் சுருள்கள் பெரிதுந் திருந்தின. அவற்றைப் பழிப்பது தகாது. ஆனால் செயலிகள் தேடுவது திருந்திய சுருளையல்ல, பழையதையே.

இதன் விளைவு கண்கூடு. மனிதத் தோல், வெண்மையாயினும் கருமையாயினும், நிற அளவையிற் செம்மஞ்சட் பகுதியிலேயே அடங்கும். முகத்தை ‘ஒளிரச்’ செய்ய விரும்பும் சாயலமைப்போர் அச்செம்மஞ்சளின் ஒளியளவை உயர்த்தி வைத்துவிடுவது பெருவழக்கு. வெள்ளைத் தோலில் அம்மாற்றம் சிறிது. கபிலத் தோலிலோ அதுவே பெரிது. மணவறையில் மணமகளின் முகம் இரண்டு மூன்று படி வெளிறுகின்றது. கழுத்துப் பொன் சுண்ணாம்பு பூசியதாகின்றது. பின்னின்ற தேக்கங்கதவும், குத்துவிளக்கின் பித்தளையும், வாசலிற் கட்டிய வாழைக்குலையின் பழுப்பும் கூடவே வெளிறுகின்றன. படத்தைக் கண்ட உறவினர் ‘நல்ல வெள்ளையாய் வந்திருக்கிறாள்’ என்று மகிழ்வர். அவ்விடத்திற் செயலி புதிதாக ஒன்றும் செய்யவில்லை, ஊரில் ஏற்கெனவே இருந்த ஒரு நோய்க்கு இசைந்து கொடுத்தது எனலாம். கூகிள் நிறுவனம் 2021 இல் தன் பிக்செல் 6 திறன்பேசியில், கருநிறத் தோல்களை உள்ளவாறு காட்டும் பொருட்டுக் கமராவின் கணிப்புக்களைத் திருத்தியமைத்தது. கமரா அவ்வாறு கவனமாகப் பதிந்த முகத்தைப் பின்னர் ஒரு பழஞ்சுருட் சாயல் ஒரே தொடுகையில் அழித்துவிடக் கூடும். ஆயினும் வழியில்லாமலில்லை. சாயலின் வன்மையைக் குறைக்கும் அளவுகோல் ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் உண்டு. செம்மஞ்சளின் ஒளியளவை மட்டுந் தனியே பின்னிழுக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. அதனைப் பின்னிழுத்து, மூலப்படத்தை அருகில் வைத்து நோக்கினால், கழுத்திற் பொன்னும் நெற்றியிற் குங்குமமும் முதலில் தத்தம் நிறத்துக்கு மீளும். அதன்பின் முகம் மீளும்.